குடை, கோல், முரசு: ராஜா கையில இருந்த பொருளுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

எங்க பெரியமாமா பகல்ல பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திட்டுப் போற மினி லாரி ஓட்றவரு, ஊர்ல பாரதக் கூத்து வச்சாங்கன்னா ராத்திரியில துரியோதனன். கூத்து பாக்கறதவிட அவரு வேஷம் கட்டறத பக்கத்துல உக்காந்து பாக்கறதுதான் சின்ன வயசுல எனக்குப் பெரிய சந்தோஷம். கல்யாண முருங்கை மரத்துல செதுக்கின கிரீடம், அதுமேல சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு, கலர் கலரா ஜிகினா பேப்பர், ரெண்டு தோளுக்கும் புஜக்கட்டை, நெஞ்சுக்கு மார்ப்பதக்கம், எல்லாம் ஒரு பழைய தகரப் பொட்டியில துணி சுத்தி இருக்கும். மூஞ்சிக்கு அரிதாரம் பூசி முடிக்கற வரைக்கும் மாமா "டேய் கண்ணு அந்தத் தண்ணிச் சொம்ப எடு, அத்தை வந்துட்டாளா பாரு"ன்னு பேசிட்டே இருப்பாரு. கடைசியா கிரீடம். தலையில ஏற்கனவே துணிய இறுக்கிச் சுத்தியிருப்பாங்க, இல்லன்னா விடியறதுக்குள்ள மரம் நெத்திய அறுத்துடும். கிரீடத்த எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டு கூத்து வாத்தியார் கையில குடுப்பாரு, வாத்தியார் பின்னால நின்னு கயித்த இழுத்துக் கட்டுவாரு. கட்டி முடிஞ்ச உடனே மாமா பேச்ச நிறுத்திடுவாரு. அதுக்கப்புறம் விடியற வரைக்கும் யாரும் அவரப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் பாத்ததே இல்ல.

ஒரு தடவ யாரும் இல்லாத நேரம் பாத்து அந்தக் கிரீடத்த எடுத்து என் தலையில வச்சிக்கிட்டேன். வாத்தியார் பாத்துட்டாரு. அடிப்பாருன்னு பயந்தேன், அடிக்கல. மெதுவா வாங்கித் துடைச்சி பொட்டியில வச்சிட்டு, "இத நீயா எடுத்து வச்சிக்கக் கூடாது கண்ணு, இன்னொருத்தர் கட்டி விடணும்"னு மட்டும் சொன்னாரு.

அரசச் சின்னம், ராஜ சின்னம், இங்கிலீஷ்ல ரெகேலியான்னு சொல்றாங்களே, அதப் பத்தி அப்புறம் எவ்வளவோ படிச்சேன், ஆனா அன்னிக்கு அவரு சொன்ன அந்த ஒரு வரியிலதான் எல்லாமே இருக்குதுன்னு இப்பவும் நெனைக்கறேன். இத முதல் முறையா தெரிஞ்சிக்க வர்றவங்களுக்காகத்தான் இத எழுதறேன், அதனால மெதுவா ஒண்ணொண்ணா போலாம்.

முதல்ல அரசச் சின்னம்னா என்ன. ராஜா போட்டிருக்கற நகை எல்லாமே அரசச் சின்னம் கிடையாது. மோதிரம் அழகுக்குப் போட்டா அது நகை, அதே மோதிரத்தால ஓலையில முத்திரை குத்தினா அந்த ஓலை ஆணை ஆயிடுதே, அப்ப அது சின்னம். அதாவது அந்தப் பொருள் இருந்தாதான் அந்த ஆள் பேசறது ஒரு தனி மனுசன் பேச்சா இல்லாம ஒரு பதவியோட பேச்சா ஆகும். ஆள் செத்துடுவாரு, பொருள் அடுத்தவருக்குப் போகும், பதவி அறுந்து போகாம அப்படியே தொடரும். தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு பகுதி இருக்குது, அதுல அரசருக்கு உரியது எதெதுன்னு ஒரு பட்டியலே வருது: படை, கொடி, குடை, முரசு, குதிரை, யானை, தேர், தார், முடி, செங்கோல். தார்னா மாலை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு, கொடின்னா அதே வரிசையில வில், புலி, மீன். நல்லா கவனிங்க, பனம்பூவும் வேப்பம்பூவும் எந்தக் கடையிலயும் காசு குடுத்து வாங்க வேண்டிய பொருளே இல்ல, நம்ம கொல்லையிலயே கெடக்குது. வெலைக்கும் சின்னத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு இதவிடத் தெளிவா யாரும் சொல்லிட முடியாது.

குடையில இருந்து ஆரம்பிக்கறேன், எனக்குப் பிடிச்சது அதுதான். வெண்கொற்றக்குடைன்னு படிச்சிருப்பீங்க. வெள்ளைக் குடை, ராஜாவுக்கு மேல பிடிக்கறது. பழைய பாட்டுல எல்லாம் அத முழு நிலாவோட ஒப்பிடுவாங்க, வட்டமா வெள்ளையா குளிர்ச்சியா இருக்கறதால. சரி, ராஜாவுக்கு வெயில் படாம இருக்கறதுக்கான்னு கேட்டா, புறநானூறு 35ஆவது பாட்டுல வெள்ளைக்குடி நாகனார்னு ஒரு புலவர் அதுக்கு நேரடியாவே பதில் சொல்லிட்டாரு. கிள்ளிவளவன்கிற சோழ ராஜாகிட்ட போயி, உன் குடை வெயில மறைக்கவா இருக்குது, இல்ல, வருத்தத்துல இருக்கற குடிமக்களுக்கு நிழலா இருக்கத்தான்னு சொல்றாரு, சொல்லிட்டு சும்மா வரல, நிலத்து மேல இருந்த பழைய வரி பாக்கிய தள்ளுபடி பண்ண வச்சிட்டுதான் வந்தாரு. நீ ஜெயிக்கற போர் எல்லாம் ஏர் ஓட்டறவன் விளைவிக்கறதுல இருந்து வர்றதுதான்னும் அந்தப் பாட்டுலயே சொல்றாரு. மானாவாரி நிலத்துல மழைய நம்பிக் கேழ்வரகும் சாமையும் போடற எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இந்தப் பாட்டு சொன்னா ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது. குடைங்கறது ஒரு வாக்குறுதி. உனக்கு மேல நிழல் பிடிக்கறோம், நீ எங்களுக்கு நிழலா இரு. அந்த வாக்க ஞாபகப்படுத்த நாகனாருக்கு ஒரு ஆயுதமும் தேவைப்படல, ராஜா தலைக்கு மேல இருந்த குடையே போதுமானதா இருந்துச்சு.

குடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. போருக்குப் போக நல்ல நாள் நல்ல நேரம் பாத்து வச்சிருப்பாங்க, அந்த நேரத்துல ராஜாவால கிளம்ப முடியலன்னா அவரோட குடையையும் வாளையும் மட்டும் முன்னால அனுப்பி வச்சிடுவாங்க. குடைநாட்கோள், வாள்நாட்கோள்னு இதுக்குப் பேரு. இது ஏதோ ராஜா காலத்து விஷயம்னு நெனச்சிடாதீங்க, நம்ம வீட்டுலயே ராகு காலத்துக்கு முன்னால கிளம்ப முடியலன்னா பைய மட்டும் எடுத்துட்டுப் போயி பக்கத்து வீட்டுல வச்சிட்டு வருவாங்களே, பரஸ்தானம் வைக்கறதுன்னு, அதே யோசனைதான். பொருள் போயிட்டா ஆளே போன மாதிரி. ஒரு சின்னம் எப்படி வேல செய்யுதுன்னு புரியணும்னா இந்தப் பரஸ்தானப் பைய நெனச்சிக்கிட்டா போதும்.

குடை நம்ம ஊரு விஷயம் மட்டும் இல்ல. தாய்லாந்துல இன்னிக்கும் ராஜாவோட முதல் அடையாளம் ஒம்போது அடுக்கு வெள்ளைக் குடைதான். 2019 மே 4ஆம் தேதி இப்ப இருக்கற ராஜாவுக்கு முடிசூட்டு விழா நடந்துச்சு, அன்னிக்கு அவருக்குக் குடுத்த பொருள் எல்லாம் வரிசையா பாத்தா நமக்கு ரொம்பப் பழக்கமான வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்: குடை, கிரீடம், வாள், கோல், விசிறி, சாமரம், பாதுகை. கிரீடம் மட்டும் 7.3 கிலோ. கூத்துல எங்க மாமா தலையில இருந்த மரக் கிரீடத்துக்கே விடியக்காலையில கழுத்து வலின்னு தைலம் தேய்ப்பாங்க, 7.3 கிலோன்னா யோசிச்சிப் பாருங்க.

சாமரம்னு சொன்னேன்ல, அது கவரி மாட்டோட வால் முடி. இமயமலைப் பக்கம் இருக்கற விலங்கு அது, அவ்வளவு தூரத்துல இருந்து வரணும், அதனாலயே அதுக்கு மதிப்பு. ஈ ஓட்டறதுக்குன்னு ஆரம்பிச்சது, போகப் போக ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் சாமரம் வீசினா நடுவுல இருக்கறவரு ராஜா இல்லன்னா சாமின்னு ஆயிடுச்சு.

அடுத்தது கோல். செங்கோல்ல செம்மைன்னா நேர்மை, வளையாதது. வளைஞ்சா கொடுங்கோல். கொடுமைங்கற சொல்லுக்குப் பழைய அர்த்தமே வளைவுதான். திருக்குறள்ல செங்கோன்மை 55ஆவது அதிகாரம், அதுக்கு அடுத்ததே 56 கொடுங்கோன்மை, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்காரு. கோலோச்சறதுன்னா ஆட்சி பண்றதுன்னு இன்னிக்கும் எழுதறோம், ஓச்சறதுன்னா கையில எடுத்து வீசறது. ஆடு மேய்க்கறவங்க கையில இருக்கற கோல், மாடு ஓட்டற தார்க்கோல், நிலம் அளக்கற கோல், தராசுல இருக்கற துலாக்கோல், எல்லாமே கோல்தான், இதுல வழி நடத்தறதும் இருக்குது அளக்கறதும் இருக்குது அடிக்கறதும் இருக்குது. ஆட்சிங்கறதும் இந்த மூணும்தானே.

எங்க பக்கத்து கிராமங்கள்ல ஊர்க்கவுண்டர், மந்திரிக்கவுண்டர், அப்புறம் கோல்காரர்னு ஒரு முறை உண்டு. ஊர்க்கூட்டம்னா வீடு வீடாப் போயி சொல்றது, பண்டிகைக்கு வரி வசூலுக்கு நடக்கறது எல்லாம் கோல்காரர் வேல. பேருலயே கோல் இருக்குது பாருங்க. அவரு வந்து சொன்னா அது அவரு சொல்றது இல்ல, ஊரு சொல்றது. எனக்குத் தெரிஞ்சி அவரு கையில கோல் எல்லாம் இல்ல, ஒரு சைக்கிள் மட்டும்தான், ஆனா பேர்ல அது நின்னுடுச்சி.

ஓசூர் 2019ல மாநகராட்சி ஆச்சு, அதனால இப்ப கிருஷ்ணகிரி மாவட்டத்துலயும் ஒரு மேயர் உண்டு. தமிழ்நாட்டுல மேயர் பதவி ஏத்துக்கறப்ப செவப்பு அங்கி, கழுத்துல தங்கச் சங்கிலி, கையில வெள்ளிச் செங்கோல் குடுப்பாங்க, ஃபோட்டோவுல பாத்திருப்பீங்க. சென்னை ஐகோர்ட்டுல ஜட்ஜ் நடந்து வந்தா முன்னால ஒருத்தர் கையில கோலோட வழி விட்டுட்டுப் போவாரு, சோப்தார்னு சொல்வாங்க. கலெக்டர் ஆபீஸ்ல வெள்ளை உடுப்பு, தலைப்பாகை, குறுக்க செவப்புப் பட்டை போட்டு நிக்கற தபேதாரும் அந்த வழியில வந்தவருதான். 2023 மே 28ஆம் தேதி டெல்லியில புது பார்லிமெண்ட் கட்டடம் திறந்தப்ப சபாநாயகர் நாற்காலி பக்கத்துல ஒரு செங்கோல் வச்சாங்களே, உச்சியில நந்தி இருக்கறது, அது 1947ல சென்னையில செஞ்சது, ஆகஸ்ட் 14 ராத்திரி திருவாவடுதுறை ஆதீனத்துக்காரங்க நேரு கையில குடுத்தது, அப்புறம் ரொம்ப காலம் அலகாபாத் மியூசியத்துல இருந்துச்சு. ஓட்டுப் போட்டு ஆள் எடுக்கற காலத்துல ராஜா பொருள் எதுக்குன்னு நிறைய பேர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. எனக்கு என்ன தோணுதுன்னா, கோல் யாரு கையில இருக்குதுங்கறத விட அத யாரு குடுக்கறாங்கங்கறதுதான் மாறியிருக்குது, இப்ப அத குடுக்கற கை நம்ம கை.

இப்ப முரசு. இதுலதான் எங்க தருமபுரி வருது. தருமபுரியோட பழைய பேரு தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊரு, ஔவையாருக்கு நெல்லிக்கனி குடுத்தவரு. தகடூர் மேல படையெடுத்து ஜெயிச்ச சேர ராஜா பேரு பெருஞ்சேரல் இரும்பொறை, அந்த ஜெயிப்ப வச்சே அவருக்கு தகடூர் எறிந்தன்னு ஒரு அடை சேந்துடுச்சி. ஆக எங்க ஊர அழிச்ச ராஜா. அப்படி இருந்தும் அவரப் பத்தின ஒரு கதைய நான் எங்க போனாலும் சொல்லிட்டு இருக்கேன்.

அரண்மனையில முரசுக்குன்னு தனியா ஒரு கட்டில் உண்டு, முரசுகட்டில்னு பேரு. முரசுங்கறது அவங்களுக்கு வெறும் மேளம் இல்ல, அதுக்கு உயிர் இருக்குது, பலி குடுப்பாங்க, மயில் பீலியும் பூவும் சாத்துவாங்க, தண்ணித்துறைக்கு எடுத்துட்டுப் போயி குளிப்பாட்டிட்டு வருவாங்க. அப்படி ஒரு நாள் முரசு குளிக்கப் போயிருக்குது, கட்டில் காலியா இருக்குது, எண்ணெய் நுரை மாதிரி மெத்துன்னு பூப் படுக்கை. மோசிகீரனார்னு ஒரு புலவர், நடந்து வந்த களைப்பு, அது என்ன கட்டில்னு தெரியாம ஏறிப் படுத்துத் தூங்கிட்டாரு. முரசுகட்டில்ல மனுசன் படுத்தா தண்டனை வாளால ரெண்டு துண்டா வெட்டறது. ராஜா வர்றாரு, பாக்கறாரு, வாள் கையிலயே இருக்குது. வெட்டல. பக்கத்துல இருந்த விசிறிய எடுத்து, புலவர் எந்திரிக்கற வரைக்கும் நின்னு வீசிட்டு இருந்தாரு. எந்திரிச்சிப் பாத்த மோசிகீரனார் பாடினதுதான் புறநானூறு 50.

இதுல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, கட்டில் காலியா இருந்தப்பவும் அந்தத் தண்டனை இருந்துச்சு, அதாவது முரசு இல்லாத எடத்துலயும் முரசோட மரியாதை இருக்குது. இன்னொண்ணு, விசிறி வீசறது ராஜாவுக்கு அடுத்தவங்க பண்ற வேல, சாமரம் மாதிரி, அந்த வேலைய ராஜாவே எடுத்துப் பண்ணாரு. தன் சின்னத்த கொஞ்ச நேரம் இன்னொருத்தர் மேல வச்சாரு, அதனால அவரோட மதிப்பு ஒரு குந்துமணி கூட கொறையல, ரெண்டாயிரம் வருஷம் கழிச்சி அவரு தோக்கடிச்ச ஊர்க்காரன் நானே உக்காந்து அவரப் புகழ்ந்து எழுதறேன்.

காலி இருக்கைக்கு இவ்வளவு மரியாதையான்னு கேக்கறவங்க ஆப்பிரிக்காவுல கானா நாட்டு அசாந்தி மக்களோட தங்க முக்காலிய தெரிஞ்சிக்கணும். அதுல யாருமே உக்கார மாட்டாங்க, அவங்க ராஜாவும் உக்கார மாட்டாரு, அந்த இனத்தோட உயிரே அதுல இருக்குதுன்னு நம்பறாங்க. 1900ல பிரிட்டிஷ் கவர்னர் ஹாட்ஜ்சன் போயி அந்த முக்காலி எங்க, ராணியோட ஆளு நான் உக்காரணும், கொண்டாங்கன்னு கேட்டாரு, கேட்ட கேள்விக்கே சண்டை மூண்டுச்சு, யா அசந்தேவான்னு ஒரு பொம்பள முன்னால நின்னு நடத்தின போர் அது. சண்டையில ஜெயிச்சது பிரிட்டிஷ்காரங்கதான், ஆனா முக்காலி மட்டும் அவங்க கையில சிக்கவே இல்ல.

அதியமான்கிட்டயே வருவோம். ஔவையார் ஒரு தடவ அவருக்காகத் தூது போறாங்க தொண்டைமான்கிட்ட. தொண்டைமான் தன்னோட ஆயுதசாலைய காட்டறாரு, வேல் எல்லாம் நெய் பூசி மயில் பீலி கட்டி மாலை போட்டு பளபளன்னு வரிசையா நிக்குது. ஔவையார் சொல்றாங்க, உங்களுது எல்லாம் நல்லா அலங்காரமா காவல் வீட்டுல இருக்குது, எங்க அதியமானோடது பகைவர குத்திக் குத்தி முனை ஒடைஞ்சி கொல்லன் பட்டறையில கெடக்குதுன்னு. புறநானூறு 95. சின்னங்கறது கண்ணாடிப் பொட்டியில மின்னறதா, தேஞ்சி ஒடைஞ்சி வேல செஞ்சதாங்கற கேள்விய அந்தம்மா அப்பவே போட்டுட்டாங்க. எனக்கு எந்தப் பக்கம்னு நான் சொல்லவே தேவையில்ல, கொல்லன் பட்டறைதான்.

முடிக்கு வரலாம், கடைசியா வச்சிருந்தேன், ஏன்னா எல்லாரும் முதல்ல கேக்கறது கிரீடத்தத்தான். நம்ம மொழியில கிரீடத்துக்கு முன்னால பட்டம்னு ஒண்ணு உண்டு, நெத்தியில கட்டற தங்கத் தகடு, அதக் கட்டினா பதவி வந்துடுச்சுன்னு அர்த்தம். பட்டத்து ராணி, பட்டத்து யானை, இளவரசுப் பட்டம் எல்லாம் அதுல இருந்து வந்ததுதான். காலேஜ் முடிச்சி கறுப்பு அங்கி போட்டு மேடையில ஏறி வாங்கறோமே பட்டம், அதுவும் அதே சொல்லு, பேப்பரா மாறிடுச்சி அவ்வளவுதான். கோயில்ல பண்டிகை சமயத்துல ஊர்ப் பெரியவங்களுக்குத் தலையில துணி சுத்திப் பரிவட்டம் கட்டறாங்களே, அதுக்காக அண்ணன் தம்பியே வருஷக்கணக்குல பேசாம இருக்கற வீடு எனக்குத் தெரியும், ரெண்டு முழத் துணிக்கு. வெளியூர்க்காரங்களுக்கு அது துணியா தெரியலாம், கட்டிக்கறவருக்கு அவங்க தாத்தாவோட எடம் அது.

முடிய ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சூட்டணும்ங்கறது உலகத்துல நிறைய எடத்துல உண்டு. 1804 டிசம்பர் 2ஆம் தேதி பாரிஸ்ல போப்பாண்டவர பக்கத்துல உக்கார வச்சிட்டு நெப்போலியன் தானே எடுத்துத் தன் தலையில வச்சிக்கிட்டாரு, 200 வருஷம் ஆயிடுச்சு, இன்னும் அத ஒரு அதிசயமா எழுதறாங்கன்னா மத்த நிறைய எடத்துல நடைமுறை என்னன்னு புரிஞ்சிக்கலாம். எங்க வாத்தியார் சொன்னதுதான்.

இந்தப் பொருளுக்கு எவ்வளவு பலம்னு தெரியணும்னா எதிரி என்ன பண்றான்னு பாக்கணும். சோழன் முதலாம் பராந்தகன் மதுரைய பிடிச்சாரு, நாடு கிடைச்சது, ஆனா பாண்டியன் ராஜசிம்மன் தன் முடியையும் இந்திரன் ஆரம்னு சொல்ற மாலையையும் எடுத்துட்டு இலங்கைக்குப் போயி அங்க அடைக்கலமா குடுத்துட்டாரு. பராந்தகன் கேட்டாரு, குடுக்கல, படை அனுப்பினாரு, அப்பவும் கிடைக்கல. நாடே கையில இருக்கறப்ப ஒரு கிரீடம் இல்லாட்டி என்ன, வேற ஒண்ணு தங்கத்துல செஞ்சிக்கலாமேன்னு நமக்குத் தோணும், அவங்களுக்குத் தோணல. கிட்டத்தட்ட 100 வருஷம் கழிச்சி ராஜேந்திர சோழன் இலங்கையில இருந்து அந்த முடியையும் ஆரத்தையும் எடுத்துட்டு வந்தாரு, வந்து அத தன் மெய்க்கீர்த்தியில, அதாவது கல்வெட்டு ஆரம்பத்துல ராஜா புகழச் சொல்ற வரிகள்ல, கல்லுல வெட்டி ஊர் ஊரா வச்சாரு. அவரோட திருவாலங்காட்டுச் செப்பேட்டுல இருக்கற முத்திரைய பாருங்க, சோழனோட புலி உக்காந்திருக்குது, அதுக்கு முன்னால பாண்டியனோட ரெண்டு மீன், சேரனோட வில்லும் இருக்குது, மேல ஒரே ஒரு குடை, ரெண்டு சாமரம். ஒரு உள்ளங்கையில அடங்கற அளவு படம்தான், மூணு நாட்டுக் கதையும் அதுல முடிஞ்சிடுச்சி.

பிடிக்க முடியலன்னா அழிக்கறது. சங்க காலத்துல பகை ராஜா தன் அடையாளமா காவல் போட்டுக் காப்பாத்தற காவல் மரத்த வெட்டுவாங்க, வெட்டின மரத்துலயே தனக்கு முரசு செஞ்சிப்பாங்க, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடம்ப மரத்த வெட்டி முரசு செஞ்சத பதிற்றுப்பத்து சொல்லுது. இங்கிலாந்துல 1649ல முதலாம் சார்லஸ் ராஜாவ தலைய வெட்டினதோட நிக்காம கிரீடம் கோல்னு கிட்டத்தட்ட எல்லாத்தையும் ஒடைச்சி உருக்கி வித்துட்டாங்க, அதனால அவரு மகன் திரும்பி வந்தப்ப 1661ல பெரும்பாலும் புதுசா செய்ய வேண்டியதாப் போச்சு, 2023 மே மாசம் மூணாம் சார்லஸ் தலையில வச்ச கிரீடம் அந்த 1661ல செஞ்சதுதான், ரெண்டு கிலோவுக்கு மேல எடை. எங்க கிருஷ்ணகிரிக் கோட்டையும், பாராமகால்னு அப்ப சொன்ன எங்க பக்கத்துச் சீமையும் 1792 வரைக்கும் திப்பு சுல்தான்கிட்ட இருந்துச்சு, அந்த வருஷம் உடன்படிக்கையில கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போச்சு. ஏழு வருஷம் கழிச்சி 1799 மே மாசம் சீரங்கப்பட்டணம் விழுந்தப்ப தங்கத் தகடு போத்தின அவரோட சிம்மாசனத்த அங்கயே துண்டு துண்டா வெட்டி சோல்ஜர்களுக்குப் பங்கு போட்டாங்க. அதுல இருந்த புலித்தலையும் ரத்தினம் பதிச்ச ஹூமாங்கற கற்பனைப் பறவையும் இங்கிலாந்து ராஜா வீட்டுக்குப் போயிடுச்சு, இன்னும் அங்கதான் இருக்குது. முழுசா ஒரு எடத்துல இருந்திருந்தா மனசு இவ்வளவு கஷ்டப்படாது.

ராஜாக்கள் போயிட்டாங்க, பொருள் எங்க போச்சுன்னு கேட்டா, கோயிலுக்குப் போச்சு. கோயில்ங்கற சொல்லே ராஜா வீடுதான், கோ இருக்கற இல். சாமி புறப்பாடு பாத்திருக்கீங்கல்ல, குடை வரும், சாமரம் வரும், தீவட்டி வரும், கொடி ஏத்துவாங்க, முன்னால மேளம், வாகனம் யானையோ குதிரையோ. தொல்காப்பியத்துல சொன்ன பட்டியல கையில வச்சிக்கிட்டு அடுத்த தேர் திருவிழாவுல நின்னு பாருங்க, முக்கால்வாசி உங்க கண்ணு முன்னால நடந்து போகும். மழை பெஞ்சா குடைய மடக்கறதுக்குப் பதிலா எல்லாரும் சேந்து அத இன்னும் நெருக்கிப் பிடிப்பாங்க, பிடிக்கறவரு முழுசா நனைஞ்சிட்டு இருப்பாரு, அவருக்கு அது ஒரு பொருட்டே கிடையாது.

கடைசியா ஒண்ணு, எங்க தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நடுகல், அதாவது செத்த வீரனுக்கு நட்டு வச்ச கல், நிறைய. வயல் ஓரம், ஏரிக்கரை, புளியமரத்தடின்னு எங்க பாத்தாலும் உண்டு, தருமபுரி மியூசியத்துலயும் எடுத்துட்டு வந்து வச்சிருக்காங்க. பெரும்பாலும் மாட்டு மந்தைய எதிரி ஓட்டிட்டுப் போனப்ப மீட்கப் போயி செத்தவங்களுக்கு வச்சது, கல்வெட்டுல தொறு மீட்டுப் பட்டான்னு எழுதியிருக்கும், தொறுன்னா மந்தை. பழைய கல்லுல வீரன் மட்டும் வில்லோட வாளோட நிப்பான். கொஞ்சம் பிந்தின காலத்து கல்லுல மூணு அடுக்கு இருக்கும், கீழ் அடுக்குல சண்ட, நடு அடுக்குல ரெண்டு பக்கமும் தேவலோகப் பொண்ணுங்க அவன மேல கூட்டிட்டுப் போறாங்க, மேல் அடுக்குல லிங்கத்துக்கு முன்னால உக்காந்திருக்கான்.

அந்த மாதிரி ஒண்ணு எங்க சொந்தக்காரங்க கொல்லை வரப்புல பாதி மண்ணுக்குள்ள கெடந்துச்சு, வருஷா வருஷம் பொங்கலுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி வேடியப்பன்னு கும்புடுவாங்க. ஒரு தடவ மாமாவோட போயி தண்ணி ஊத்தி தேய்ச்சிக் கழுவினோம். நடு அடுக்குல அந்தப் பொண்ணுங்க கையில என்னமோ குச்சி மாதிரி இருந்துச்சு, விரலால மண்ண நோண்டி எடுத்ததும் நுனியில முடி முடியா கோடு தெரிஞ்சது. சாமரம். மாடு மேய்ச்ச ஆளு, ஊருக்காகச் செத்துப் போனவன், அவனுக்கு எந்த ராஜாவும் குடுக்கல, ஊர்க்காரங்க ஒரு கல்தச்சனக் கூப்புட்டு ரெண்டு பக்கமும் சாமரம் வீச வச்சிருக்காங்க. மாமா கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, தலையில கட்டியிருந்த துண்ட அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாரு.